சீமைத் துப்பாக்கியின் விலை

நமது குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஒரு சீமைத் துப்பாக்கி இருந்து வருகிறது. இதைக் கேட்டதும் நேயர்கள் நம்மை ஜமீன் வம்சம் என்றோ, புலியடித்த பரம்பரை என்றோ எண்ணி மரியாதை செய்ய ஆரம்பித்துவிட வேண்டாம். நம் பாட்டனார் அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், கொஞ்சம் நஞ்சையும் ஒரு வாழைத் தோப்பும் வைத்திருந்த சாதாரணக் கிரகஸ்தர். தோப்பில் இரவு நேரங்களில் காட்டுப் பன்றிகள் புகுந்து வாழைக் கிழங்கைக் கிளறிப் போட்டுவிடும். தகர டப்பா தட்டிப் பார்த்தார், தீப்பந்தம் கொளுத்திப் பார்த்தார், பலிக்கவில்லை. கடைசியில் 1934ஆம் வருஷம் சென்னைப் பட்டணத்துக்குப் போய், எழுநூறு ரூபாய் கொடுத்து, லண்டன் கம்பெனியின் பெயர் செதுக்கிய இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். அந்த எழுநூறு ரூபாய்க்காக ஒரு கோட்டை விதைப்பாடு வயலை ஒற்றி வைத்தார். ஒற்றி கடைசி வரையில் மீட்கப்படவே இல்லை.

எங்கள் ஆச்சி இதை ஒரு நாளும் மறந்ததில்லை. "பன்னி தின்னது வரப்போரம். இந்தத் துப்பாக்கி தின்னது வயலு பூரா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். பாட்டனார் தம் ஆயுளில் சுட்டது இரண்டே பன்றி. அதிலும் ஒன்று, துப்பாக்கிச் சத்தத்தில் கிணற்றில் விழுந்து செத்தது என்பது ஆச்சியின் கட்சி. ஊரில் அவருக்கு 'வெடிப் பிள்ளை' என்று பெயர் நிலைத்துவிட்டது. பெயர் வைத்தவர்கள் அதை மரியாதைக்காக வைக்கவில்லை.

பிறகு 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. துப்பாக்கிக்கு வேலையே போய்விட்டது. அதன் பின் அது செய்கிற ஒரே யாத்திரை, தேர்தல் வரும்போதெல்லாம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் இருந்துவிட்டு, தேர்தல் முடிந்து திரும்பி வருவதுதான். நம் தகப்பனாருக்குப் பிறகு லைசென்ஸ் நம் பெயருக்கு வந்தது. எண்ணெய் போட்டுத் துடைப்பதைத் தவிர அதனோடு நமக்கு வேறு சகவாசம் கிடையாது.

இப்படிச் சாதுவாக இருந்த பிராணியினால் நமக்கும் நம் தம்பிக்கும் ஆறு மாதம் பேச்சு வார்த்தை நின்றுபோயிற்று.

குடும்பச் சொத்தைப் பாகம் பிரிக்க உட்கார்ந்தோம். மிச்சமிருந்தது தோப்பும் பழைய வீடும்தான். தம்பி எங்கேயோ படித்துவிட்டு வந்திருந்தான்: லண்டனில் முதல் தரமான துப்பாக்கி ஒன்று புதிதாகச் செய்வித்தால் லட்சம் பவுனுக்கு மேல் ஆகிறது என்று. (இங்கே பவுன் என்பது நகைக் கடைப் பவுன் அல்ல, இங்கிலீஷ் நாணயம்.) நம் ரூபாயில் அது ஒரு கோடியைத் தாண்டுகிறது. "அண்ணாச்சி, லைசென்ஸ் உங்க பேருலதான இருக்கு? அப்ப துப்பாக்கி உங்களுக்கு, தோப்பு பூரா எனக்கு. அப்பமும் எனக்குத்தான் நஷ்டம்" என்றான். நாம் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. ஆச்சி வாழ்நாள் முழுவதும் திட்டித் தீர்த்த பொருள் இப்போது கோடி ரூபாய்ச் சொத்தாகிவிட்டது. அப்படியானால் பாட்டனார் புத்திசாலியா, ஏமாளியா? தோப்பைவிட அந்தக் கேள்விதான் நம்மைத் தூங்கவிடாமல் செய்தது.

தம்பியின் மகன் பர்மிங்ஹாமில் எஞ்சினீயராக இருக்கிறான். அவன்தான் இதற்கு வழி கண்டான். "பெரியப்பா, துப்பாக்கியைப் போட்டோ எடுத்துக்கிட்டு இங்க வாங்க. செஞ்ச ஊர்லயே கேட்ருவோம்" என்று எழுதினான். அறுபத்தெட்டாவது வயதில் நாம் கப்பலேறாமல், ஆகாய விமானத்தில் சீமைக்குப் போனோம்.

*

லண்டன் துப்பாக்கி என்றால் என்ன? முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்கடுத்த சில வருஷங்களிலும் ஜோஸப் மாண்டன் என்பவர் லண்டனில் துப்பாக்கி செய்தார். இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு இன்றிருக்கும் மெல்லிய உருவத்தைக் கொடுத்தவர்களில் அவர் முதல்வர். தொழிலில் மேதை, கணக்கில் பூஜ்யம். 1826இல் அவர் திவாலாகிவிட்டார். அவரிடம் வேலை பார்த்த ஜேம்ஸ் பர்டி 1814லேயே தனிக் கடை வைத்திருந்தார். மாண்டன் திவாலான பிறகு ஆக்ஸ்போர்டு தெருவில் மாண்டன் இருந்த இடத்துக்கே குடியேறினார். பர்டி, ஹாலண்டு அண்டு ஹாலண்டு, பாஸ் ஆகிய மூன்று பெயர்களும் இன்றும் அந்த வியாபாரத்தின் மும்மூர்த்திகள். இவர்களில் ஹாலண்டு என்பவர் முதலில் புகையிலை வியாபாரி என்பது வேடிக்கையான விஷயம்.

இந்தத் துப்பாக்கிகளை மிருகத்தைக் குறி பார்த்துச் சுடுவதற்காகச் செய்வதில்லை. பறக்கிற பட்சியைச் சுடுவதற்காகச் செய்கிறார்கள். ஒரு தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான சிறு ரவைகள். 'பன்னிரண்டாம் நம்பர்' என்று நாம் சொல்லுகிறோமே, அதற்கு அர்த்தம், அந்தக் குழலின் வாய்க்குச் சரியாக உருட்டிய ஈய உருண்டை பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு ராத்தல் என்பதுதான். பறக்கும் பட்சியைக் கண்ணால் பார்த்தவுடன், யோசிக்க நேரமில்லாமல், கை தானாகத் துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவர வேண்டும். ஆகையால் சுமார் ஆறரை ராத்தல் எடை போதும். அதற்கு மேல் போனால் கை ஓய்ந்துவிடும்; மிகவும் குறைந்தால் தோள் நொந்துவிடும். அந்த எடையும் இரண்டு கைகளுக்கும் நடுவில் வந்து நிற்க வேண்டும். தராசுத் தட்டில் ஒரே எடை காட்டும் இரண்டு துப்பாக்கிகளில் ஒன்று கையில் மூங்கில் குச்சி போலவும் மற்றொன்று உலக்கை போலவும் இருப்பதன் ரகசியம் இதுதான்.

பர்மிங்ஹாமில் பழைய துப்பாக்கிகள் வாங்கி விற்கும் ஒரு கிழவரிடம் பையன் நம்மை அழைத்துப்போனான். எழுபத்தைந்து வயது இருக்கும். பதினைந்தாம் வயதில் வேலை பழகப் போனவராம். நம் போட்டோக்களைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் ஓர் அலமாரியைத் திறந்து, தோலுறைப் பெட்டியிலிருந்து பர்டி துப்பாக்கி ஒன்றை எடுத்து நம் கையில் கொடுத்தார். 1920களில் செய்தது. வெற்றுத் தோட்டாக்களைப் போட்டு விசையை இழுக்கச் சொன்னார். இழுத்தோம். பிறகு மேலிருந்த தாழைக் கட்டை விரலால் தள்ளினோம். துப்பாக்கி நம் கையிலே, யாரோ உள்ளிருந்து கதவைத் திறந்தாற்போல, தானே வாயைத் திறந்துகொண்டது!

1880இல் பிரெடரிக் பீஸ்லி என்பவர் கண்டுபிடித்த யுக்தி இது. அதன் உரிமையைப் பர்டி கம்பெனி வாங்கிக்கொண்டது. குதிரையை அடிக்கிற வில்லே துப்பாக்கியைத் திறக்கவும் உதவுகிறது. ஆனால் திறப்பதில் மிச்சமாகிற சிரமத்தை மூடும்போது வட்டியோடு கட்ட வேண்டியிருக்கிறது. நமக்கு மூட முடியவில்லை. இரண்டு முறை முழங்காலில் வைத்து அழுத்தினோம். கிழவர் சிரித்துக்கொண்டு, "இதை வாங்கினவர்கள் தாங்களே மூடியது கிடையாது. அதற்குப் பக்கத்தில் ஆள் நிற்பான்" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். அந்தக் காலத்துப் பிரபுக்கள் இரட்டையாகத் துப்பாக்கி வாங்குவார்கள். அண்ணன் தம்பி போல அச்சாக ஒரே மாதிரி. ஒன்றைச் சுடும்போது மற்றொன்றில் ஓர் ஆள் தோட்டா போட்டுக் கொடுத்துக்கொண்டே இருப்பான். எதிரே ஊர் ஜனங்கள் புதரைத் தட்டிப் பட்சிகளைக் கூட்டங் கூட்டமாக விரட்டி விடுவார்கள். பிரபு நின்ற இடத்தில் நின்று சுட்டுத் தள்ளுவார். இதற்குப் பெயர் வேட்டை! 1913ஆம் வருஷம் டிசம்பர் 18ந் தேதி ஐந்தாம் ஜார்ஜ் சக்கரவர்த்தியும் அவருடைய சிநேகிதர்களும் ஒரே நாளில் 3,937 பட்சிகளைக் கொன்றார்கள். அன்றைக்குத் திரும்பிப் போகும்போது, கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டோம் என்று சக்கரவர்த்திக்கே தோன்றிவிட்டதாம்.

இந்தப் பிரபுக்களிலே தலைசிறந்த வேட்டைக்காரர் யார் தெரியுமா? நம் ஜனங்கள் 'ரிப்பன் எங்கள் அப்பன்' என்று கொண்டாடினார்களே, 1880 முதல் 1884 வரை வைஸ்ராயாக இருந்த அந்த ரிப்பன் பிரபுவின் சொந்தக் குமாரர்! தகப்பனார் பெயரால் சென்னையில் கட்டடம் நிற்கிறது. குமாரர் பெயரால் நிற்பது ஒரு கணக்கு: 1867இலிருந்து 1923 வரை அவர் கொன்ற பிராணிகள் 5,56,813. அவர் உபயோகித்தது பர்டி துப்பாக்கிகள்தான். அதுவும், புதிய மோஸ்தர் வந்த பிறகும் வெளியே குதிரை வைத்த பழைய மோஸ்தர். 1923 செப்டம்பரில் ஒரு நாள் காலையில் ஐம்பத்திரண்டு பட்சிகளைச் சுட்டு முடித்துவிட்டு அந்த இடத்திலேயே விழுந்து பிராணனை விட்டார்.

சீமைத் துப்பாக்கியின் கீர்த்தியில் பாதி இந்த மாதிரி மனிதர்களால் வந்தது. ராஜா வைத்திருக்கிறார் என்றால் பிரபு வைத்திருக்க வேண்டும். பிரபு வைத்திருக்கிறார் என்றால் நம் தேசத்து மகாராஜா ஒரு ஜோடியாவது வைத்திருக்க வேண்டும். மகாராஜா வைத்திருக்கிறார் என்றால் அம்பாசமுத்திரத்து வெடிப் பிள்ளையும் ஒன்று வைத்திருக்க வேண்டும் அல்லவா?

அவர் வைத்திருப்பதும் அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. 1878இல் லிட்டன் பிரபு ஒரே வருஷத்தில் இரண்டு சட்டங்கள் போட்டார். ஒன்று, தேசபாஷைப் பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. மற்றொன்று ஆயுதச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் துப்பாக்கி தொடக் கூடாது, வெள்ளைக்காரனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பின்னால் வந்த ரிப்பன் பத்திரிகைச் சட்டத்தை எடுத்தார். ஆயுதச் சட்டத்தை எடுக்கவில்லை. பாட்டனார் லைசென்ஸுக்காகத் தாலுகாக் கச்சேரிக்கும் கலெக்டர் கச்சேரிக்கும் பதினோரு முறை நடந்தார் என்பது வீட்டுக் கதை. அவ்வளவு நடந்து வாங்கியபோது மட்டமான துப்பாக்கியை வாங்க மனம் வருமா? அதனால்தான் ஒற்றி வைத்தாவது 'லண்டன்' என்று செதுக்கியதை வாங்கினார் என்று இப்போது நமக்குத் தோன்றுகிறது.

*

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் நாம் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை.

குழல்கள் இரண்டையும் தனித்தனியாக, அடியில் ஒரு முண்டோடு சேர்த்தே அடித்தெடுத்து, முண்டோடு முண்டு ஒட்டிப் பற்றவைக்கிறார்கள். அவை நேர் இணையாக இருப்பதில்லை. முன்னால் போகப் போகச் சிறிது நெருங்கி, நாற்பது கஜ தூரத்தில் இரண்டும் ஒரே இடத்தில் ரவையைக் கொட்ட வேண்டும். பிறகு குழல் வந்து உட்காருகிற எஃகுப் பகுதி. இங்கேதான் அரம் பிடிக்கிறவனுடைய வித்தை இருக்கிறது. ஒரு பாகத்தின்மேல் விளக்குப் புகைக் கரியைத் தடவி, மற்றொரு பாகத்தோடு சேர்த்து அழுத்தி எடுக்கிறான். எங்கே கரி ஒட்டுகிறதோ அங்கே உராய்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தை மட்டும் அரத்தால் ஒரு தடவு தடவுகிறான். மறுபடியும் கரி, மறுபடியும் அரம். பரப்பு முழுவதும் ஒரே சீராகக் கரி ஒட்டுகிற வரையில், நூற்றுக்கணக்கான தடவை. மூடிய பிறகு இரண்டுக்கும் நடுவில் மயிரிழை புகாது.

நல்ல துப்பாக்கிகளின் இரு பக்கத்திலும் தகடு பொருத்தி, பூட்டின் உறுப்புகளை அந்தத் தகட்டின்மேல் அமைக்கிறார்கள். விசை தொடாமல், துப்பாக்கி கீழே விழுந்த அதிர்ச்சியில் குதிரை நழுவினாலும், அதைக் குறுக்கே பிடித்து நிறுத்த இன்னொரு கொக்கி உள்ளே காத்திருக்கிறது. கட்டைக்கு அக்ரோட் மரம். துருக்கியிலிருந்து வந்ததை வருஷக்கணக்காகக் காயவைத்து, ரேகை ஓட்டம் பார்த்து அறுக்கிறார்கள். கைப்பிடியில் மரத்தின் ரேகை நேராக ஓட வேண்டும், இல்லாவிட்டால் அதிர்ச்சியில் பிளந்துவிடும். பின்புறத்தில் மேகம் போலச் சுழல வேண்டும், இல்லாவிட்டால் விலை போகாது. ஆளி விதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். அப்புறம் சித்திர வேலைக்காரன் ரோஜாவும் கொடியும் செதுக்குகிறான். அதைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எல்லாம் சேர்ந்து ஒரு துப்பாக்கிக்கு எழுநூறு மணியிலிருந்து ஆயிரம் மணிக்கு மேலும் மனிதன் உட்கார்ந்து வேலை செய்கிறான். லட்சம் பவுனை ஆயிரம் மணியால் வகுத்தால் மணிக்கு நூறு பவுன். "பெரியப்பா, இங்க காரை ரிப்பேருக்கு விட்டாக்கூட ஏறக்குறைய அதே கூலிதான்" என்றான் பையன். நாம் திகைத்துப் போனோம். அப்படிப் பார்த்தால் விலையில் கொள்ளை இல்லை, கூலிதான் இருக்கிறது. நம் தேசத்தில் தஞ்சாவூர் வீணை செய்கிற ஆசாரி பலா மரத்தைக் குடைந்து, மெழுகில் மேளம் கட்டி, நாட்கணக்கில் சுருதி பார்த்து ஒரு வீணையைக் கொடுக்கிறார். அவரிடம் மணிக் கணக்குப் பார்த்துக் கூலி கொடுத்தவர் யார்? நாம் இருபது வருஷத்துக்கு முன்னால் நம் மகளுக்கு வீணை வாங்கும்போது ஐந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் வாதாடினது அந்தச் சமயத்தில் ஞாபகத்துக்கு வந்து, கையிலிருந்த துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துவிட்டோம்.

ஆனால் பையன் எஞ்சினீயர் அல்லவா? அவன் விடவில்லை. "கையால செஞ்சா மட்டும் நல்லா சுடுமா? ஆயிரம் மணி நேரம் அரம் போட்டுச் செய்யிற பொருத்தத்தை இன்னிக்கு மிஷின் ஒரு மணி நேரத்துல செய்யும்" என்றான். கிழவரும் அதை மறுக்கவில்லை. வட ஸ்பெயினில் ஐபார் என்ற ஊரிலே, ஹாலண்டு துப்பாக்கியின் பூட்டைப் பார்த்து அதே அமைப்பில் செய்கிறார்கள். லண்டன் விலையில் பத்தில் ஒரு பங்குதான். இத்தாலியில் பெரெட்டா என்ற குடும்பம் 1526லேயே வெனிஸ் ஆயுதசாலைக்கு 185 குழல் விற்ற ரசீது இருக்கிறது. அவர்கள் இப்போது யந்திரத்தில் செய்கிற, குழல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய துப்பாக்கி இரண்டாயிரத்துச் சொச்சம் பவுனுக்குக் கிடைக்கிறது. ஒலிம்பிக் பந்தயங்களில் மண் தட்டைப் பறக்கவிட்டுச் சுடுகிறவர்கள் அநேகமாக இத்தாலியத் துப்பாக்கிகளையே உபயோகிக்கிறார்கள். புதுக்கோட்டைத் தொண்டைமான் வம்சத்துப் பிருத்விராஜ் 2024இல் பாரிஸில் கலந்துகொண்டது அந்தப் பந்தயத்தில்தான். அங்கே பக்கவாட்டுக் குழல் வைத்த லண்டன் துப்பாக்கியைக் கொண்டுபோய் யாரும் நிற்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், 2021இல் ஹாலண்டு அண்டு ஹாலண்டு கம்பெனியையே பெரெட்டா வாங்கிவிட்டது!

ஆகவே பட்சியைச் சுடுவதற்கு லட்சம் பவுன் அவசியம் என்று யாராவது சொன்னால் நேயர்கள் நம்ப வேண்டாம். ரவை புறப்படுகிற வேகத்திலும் பரவுகிற வட்டத்திலும் விலைக்குத் தக்க வித்தியாசம் கிடையாது. அதிகமாகக் கொடுக்கிற பணம் வேறு சிலவற்றுக்கு: நூறு வருஷத்துக்குப் பிறகும் எந்த உறுப்பையும் புதிதாகச் செய்து போடலாம், கம்பெனியின் பேரேட்டில் நம்பரைச் சொன்னால், யாருக்கு, எந்த வருஷம், என்ன அளவில் செய்தார்கள் என்று பார்த்துச் சொல்வார்கள். இதிலும் ஒரு சங்கடம் முளைத்திருக்கிறது. ஈய ரவை நீர்ப்பறவைகளுக்கு விஷமென்று கண்டு, இங்கிலாந்தில் 1999 முதல் அவற்றைச் சுட ஈயம் கூடாதென்று தடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்த எஃகு ரவை பழைய மெல்லிய குழல்களுக்கு ஆகாது. விலை கூடின பிஸ்மத் ரவை போட வேண்டியிருக்கிறது. நூறு வருஷத்துக்காகச் செய்த பொருளுக்குத் தோட்டா தேடி அலைகிறார்கள்.

*

இனி நம்முடைய போட்டோக்களுக்கு வருவோம்.

கிழவர் குழலின் அடிப்பகுதிப் படத்தை மட்டும் வாங்கிப் பார்த்தார். கிரீடத்தின் கீழே இரண்டு எழுத்துகள்: ஒரு இடத்தில் 'பி.வி.', மற்றொரு இடத்தில் 'பி.பி.' "இது பர்மிங்ஹாமில் பரீட்சை செய்த குழல். லண்டன் முத்திரை வேறு" என்றார். குழல் வெடிக்காமல் தாங்குகிறதா என்று, வழக்கத்தைவிடப் பலமான தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்த்து முத்திரை குத்துவது அந்நாட்டுச் சட்டம். லண்டன் துப்பாக்கிக்காரர் சங்கத்துக்கு 1637இல் சாஸனம் கிடைத்தது. பர்மிங்ஹாமுக்கு 1813இல் பார்லிமெண்டு சட்டத்தால் தனிப் பரீட்சைச் சாலை வந்தது. அது இன்னும் அதே கட்டடத்தில் நடக்கிறது. பையன் நம்மை வாசல் வரையில் அழைத்துப்போய்க் காட்டினான். ஆப்பிரிக்காவில் அடிமை வியாபாரத்துக்காகக் கொண்டுபோன மலிவுத் துப்பாக்கிகள் கணக்கில்லாமல் செய்யப்பட்டதும் இந்த ஊரில்தான்.

விஷயம் தெளிவாகிவிட்டது. துப்பாக்கியை முழுவதும் பர்மிங்ஹாமில் செய்து, 'பெயர் மட்டும் உங்களுடையது' என்று லண்டன் கடைக்காரர்களுக்கு விற்பது அந்நாளில் சர்வ சாதாரணம். சில பெயர்கள் வெறும் கடைப் பெயர்கள், பட்டறையே கிடையாது. கணக்கும் அதையே சொல்லுகிறது. அக்காலத்தில் ஒரு பவுனுக்குப் பதின்மூன்று ரூபாய் ஐந்தணாச் சொச்சம். எழுநூறு ரூபாய் ஐம்பத்திரண்டு பவுன் சில்லறை. முதல் தர லண்டன் துப்பாக்கியோ நூறு பவுனுக்குக் குறையாது. பாட்டனாருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுப்பார் யாரும் இல்லை. கடைக்காரர் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"இன்றைக்கு என்ன விலை?" என்று கேட்டோம்.

"இருநூறு பவுன். நல்ல நாளில் இருநூற்றைம்பது" என்றார். நம் முகத்தைப் பார்த்துவிட்டு, "துப்பாக்கி மட்டமில்லை. உள்ளே இருப்பது 1875இல் இந்த ஊரில் ஆன்சனும் டீலியும் கண்டுபிடித்த பூட்டு. உறுப்பு குறைவு, உறுதி அதிகம். உலகம் முழுவதும் அதைத்தான் காப்பியடித்தது. உங்கள் பேரனுக்குப் பேரன் காலத்திலும் வெடிக்கும். ஆனால் பெயருக்குத்தானே ஐயா விலை?" என்றார்.

புறப்படுகிற சமயத்தில் பையன் இன்னொரு போட்டோவையும் காட்டினான். துப்பாக்கி வாங்கிய அன்றைக்கே பாட்டனார் சென்னையில் எடுத்துக்கொண்ட படம். கோட்டும் தலைப்பாகையும் தரித்து, துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குறி பார்க்கிறார். நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. ஆயிரம் தடவை பார்த்திருக்கிறோம். கிழவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இவர் இதைக் கொண்டு எதையாவது சுட்டாரா?" என்று கேட்டார்.

"இரண்டு பன்றி" என்றோம்.

"இரண்டா? பெரிய கெட்டிக்காரர்!" என்றார். பிறகு படத்தில் விரலை வைத்துக் காட்டினார். பாட்டனார் குள்ளமான மனிதர்; கை குட்டை. கட்டையோ ஆறடி வெள்ளைக்காரனுக்குச் செய்த அளவு. தோளில் பதிய வேண்டிய பிடங்கு தோளுக்கு வெளியே, புஜத்தின்மேல் தொங்குகிறது. கழுத்தை நீட்டிக்கொண்டு குழலை எட்டிப் பார்க்கிறார். அப்படிச் சுட்டால் ரவை எப்போதும் தப்பித்தான் போகும், புஜமும் கறுத்துப்போகும். லண்டனில் பெரிய கம்பெனிக்காரர்கள் முதலில் செய்வது இந்த அளவெடுப்பைத்தானாம். கட்டையை நீட்டவும் குறுக்கவும் வளைக்கவும் கூடிய ஒரு மாதிரித் துப்பாக்கியை வாங்குகிறவர் கையில் கொடுத்து, மைதானத்தில் சுடச் சொல்லி, தையற்காரன் சட்டைக்கு அளவெடுப்பது போல எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் வாங்குகிற பணத்தில் நியாயமான பங்கு எது என்று நம்மைக் கேட்டால், செதுக்கின ரோஜாவைச் சொல்ல மாட்டோம், இதைத்தான் சொல்லுவோம்.

"இதற்கு லட்சம் பவுன் வேண்டாம். நல்ல தச்சன் ஒருவன் இங்கே ஒரு அங்குலம் அறுத்திருந்தால் போதும்" என்றார் கிழவர்.

எங்கள் ஊரில் அப்போது நாலு ஆசாரிமார் இருந்தார்கள். காலணா கொடுத்தால் செய்திருப்பார்கள். ஆனால் வயலை ஒற்றி வைத்து வாங்கிய லண்டன் துப்பாக்கியின்மேல் ரம்பத்தை வைக்க யாருக்குத் துணிவு வரும்? ஆச்சிக்கு இது தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று ஆகாய விமானத்தில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தோம். நாமும் சிறு வயதில் 'வெடிப் பிள்ளை பேரன்' என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்தபோது, மனசுக்குள் அவரைத்தான் கோபித்துக்கொண்டோம்.

ஊருக்கு வந்ததும் தம்பி வீட்டுக்கு நேரே போனோம். இருநூறு பவுன் கதையை அவனுடைய மகனே முன்னதாகச் சொல்லியிருந்தான். தம்பி வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "தோப்பைச் சரிபாதியா அளந்துருவோம் அண்ணாச்சி. மேல்புறத்தை நீங்க எடுத்துக்கிடுங்க, கெணறு அங்கதான இருக்கு" என்றான். காப்பி வந்தது. குடித்தோம்.

அடுத்த மாதமே தேர்தல் அறிவித்துவிட்டார்கள். வழக்கம்போல் துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஏட்டு சின்ன வயசுக்காரர். நம்மைப் போலவே குள்ளம். நம்பரைச் சரி பார்த்துப் பதிவு செய்தார். குழல் காலிதானா என்று திறந்து பார்த்துவிட்டு, ஆசைக்கு ஒரு தடவை தூக்கித் தோளில் வைத்துக் குறி பார்த்தார். உடனே இறக்கினார்.

"ஐயா, கட்டை கொஞ்சம் நீளமா இருக்கே?" என்றார்.